மரமேறும் கயிறும் மூன்று புத்திசாலிகளும்

1. யானை கட்டுகிற கயிறு

மரம் ஏறும் தொழிலுக்கு நான் வந்த முதல் நாளிலேயே ஒரு புத்திசாலியைப் பார்த்துவிட்டேன். அவர் என் முதல் முதலாளி. அதற்கு முன் நான் கட்டுமானத் தளங்களில் சாரம் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு உயரம் என்றால் பயமில்லை என்று யாரிடமோ வாய்விட்டுச் சொன்னது அவர் காதுக்குப் போய், மரக்கிளை வெட்டும் அவருடைய சின்னக் கம்பெனியில் என்னைச் சேர்த்துக்கொண்டார். காலையில் போய் நின்றதும் ஒரு நீலக் கயிற்றுச் சுருளைத் தூக்கி என் காலடியில் போட்டார். ஜாலான் புசார் தெருப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கியது. லாரியில் சாமான் கட்டுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் கயிறு.

"இதுல யானையையே கட்டலாம் லா. நீ என்ன யானையா?" என்றார்.

முதலாளி சொன்னதால் சிரித்தேன். யானையை யாரும் மரத்தில் ஏற்றி, அங்கிருந்து சறுக்கி இறங்கச் சொல்வதில்லை என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் கயிற்றைக் கையால் பிடித்துத் தொங்குவதில்லை. உயரத்தில் ஒரு கிளைமேல் கயிற்றைப் போட்டு, ஒரு நுனியை இடுப்பில் மாட்டிய ஹார்னஸ் என்ற வார்ப்பட்டையில் கட்டுவோம். மறுபக்கம் தொங்கும் கயிற்றில் ஒரு சின்னக் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அதையும் ஹார்னஸில் மாட்டுவோம். அதற்கு ஹிட்ச் என்று பெயர். உடம்பின் எடை விழுந்தால் ஹிட்ச் இறுகிப் பிடிக்கும். கையால் அழுத்தினால் நழுவும். ஏறுவது, இறங்குவது, நடுவில் நிற்பது எல்லாம் அந்த ஒரு முடிச்சின் தயவில்தான். முடிச்சு உரசும்போது சூடு வரும். பிளாஸ்டிக் கயிறு சூட்டைக் கண்டால் உருகும்.

உருகியது. இருபதடி உயரத்தில் ஹிட்ச்சும் கயிறும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. எங்கிருந்தோ ஏணி கொண்டுவந்து என்னை இறக்கும்வரை ஒரு மணி நேரம் வெயிலில் தொங்கினேன். முதலாளி கீழே நின்று கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"என்னப்பா வேடிக்கை பாக்குற? இறங்கு லா, லாரி வெயிட் பண்ணுது!"

கயிற்றைக் கடையில் தேர்ந்தெடுப்பவன் அதில் தொங்கப்போவதில்லை என்பது இந்தத் தொழிலின் பெரிய வசதி. அவருக்கு வசதி, நமக்கு இல்லை. அந்த மாதமே வேறு கம்பெனி தேட ஆரம்பித்தேன்.

2. ஒன்பது தடவை விழலாம்

இரண்டாவது புத்திசாலி படித்தவர். படித்த புத்திசாலிகளைச் சமாளிப்பது இன்னும் கஷ்டம், அவர்களிடம் தாள் இருக்கும்.

இப்போது நான் இருக்கும் கம்பெனியின் ஸ்டோர் ஈசூன் வட்டாரத்தில் இருக்கிறது. பிரகாஷ் அங்கே ஆபரேஷன்ஸ் மேனேஜர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். என்னை "சவரி அண்ணே" என்பார், நான் "பாஸ்" என்பேன். சவரிமுத்து என்ற என் முழுப் பெயரைச் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாது. பிரகாஷ் வாழ்க்கையில் ஒரு மரம்கூட ஏறியதில்லை. ஆனால் எந்தக் கயிறு எத்தனை கிலோ நியூட்டன் தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

ஒருநாள் ஒரு பெரிய ஷாப்பிங் பையோடு வந்தார். உள்ளே பளபளவென்று ஒரு பச்சைக் கயிறு. பாறை ஏறுகிறவர்கள் வாங்கும் கடையில் எடுத்ததாம்.

"ஸ்பெக் பாருங்க அண்ணே. ஒன்பது ஃபால் ரேட்டிங். ஒன்பது தடவை விழுந்தாலும் தாங்கும்."

"நான் ஒன்பது தடவை விழப் போறேன்னு உங்ககிட்ட யார் பாஸ் சொன்னா?"

அவர் சிரிக்கவில்லை. கடைக்காரன் சொன்னதையெல்லாம் இன்னொரு தடவை சொன்னார்.

பாறை ஏறுகிறவனுக்குக் கயிறு இழுபட வேண்டும். அவன் விழுவான், இழுபடும் கயிறு அவன் முதுகெலும்பைக் காப்பாற்றும். நாங்கள் விழக்கூடாது, நாங்கள் கயிற்றின்மேல் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். எங்கள் கயிறு இழுபட்டால் எல்லாம் கெட்டது. அந்தப் பச்சைக் கயிற்றில் நான் ஏறிய அன்று, மூன்று முழம் இழுத்து மேலே போனால் இரண்டு முழம் கீழே வந்தேன். ஒரு கையில் ரம்பம், மறு கையில் கிளை, இடுப்புக்குக் கீழே ஊஞ்சல். போதாக்குறைக்குப் பச்சை நிறம். இலைக்கு நடுவே கயிறு எது, கொடி எது என்று தெரியவில்லை. ரம்பத்தை ஓட்டுகிறவனுக்குத் தன் கயிறு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போவது என்ன மாதிரியான வேலை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இறங்கி வந்து, "பாஸ், இந்தக் கயித்த நம்ம பிள்ளைங்க ஊஞ்சல் கட்ட எடுத்துட்டுப் போங்க" என்றேன். கீழே நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முருகேசன்தான் அதிகம் சிரித்தான்.

முருகேசன் எங்கள் கம்பெனியின் இன்னொரு ஏறுபவன். புதுக்கோட்டைக்காரன், நாற்பதை நெருங்குகிறவன், ஆறேழு வருடமாக என்னோடு வேலை செய்கிறான். அவன் மேலே போனால் நான் கீழே, நான் மேலே போனால் அவன் கீழே. முட்டி வலிக்க ஆரம்பித்த பிறகு பெரும்பாலும் அவன்தான் மேலே.

அதன் பிறகு கயிறு வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நியாயமாகத்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். கடைக்குப் போய் ஸ்பெக் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கயிற்றைக் கையில் எடுத்தேன். மரமேறும் கயிறு பாலியெஸ்டரில் இருக்க வேண்டும், சூடு தாங்கும், அதிகம் இழுபடாது. உள்ளே பளு தாங்கும் உள்கயிறு, வெளியே உரசல் தாங்கும் பின்னிய மேலுறை. மெல்லியதாக இருந்தால் ஹிட்ச் பிடிக்காது, தடிமனாக இருந்தால் நகராது, பதினோரு மில்லி பன்னிரண்டு மில்லி சரியாக வரும். நீளம், மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும். கிளைமேல் போய்த் திரும்பி வருகிறது அல்லவா, இந்தக் கணக்குத் தெரியாமல் மரத்தின் பாதியில் கயிறு முடிந்துபோன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் சரியாக இருந்தால், கடைசியாகக் கையில் ஒரு வளையம் சுற்றிப் பார்க்க வேண்டும். முடிச்சு சொன்னபடி உட்கார வேண்டும், விறைத்துக்கொண்டு நிற்கக்கூடாது.

"கைக்கு நல்லா இருக்கணும். தாள் பொய் சொல்லும், கை பொய் சொல்லாது" என்று எல்லாரிடமும் சொல்லுவேன். நன்றாகத்தான் இருந்தது, சொல்வதற்கு.

பிரகாஷ் தோற்றுப்போனவர்போல் இருந்துவிடவில்லை. ஒரு லாக் புக் போட்டார். ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் ஒரு நம்பர் டேக். காலையில் யார் எந்தக் கயிறு எடுத்தாலும் டேக் நம்பரைப் புத்தகத்தில் எழுதி, கயிறு முழுவதையும் பரிசோதித்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். நான் கயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு வாரத்துக்கான கையெழுத்தைத் திங்கட்கிழமையே போட்டுவிடுவேன். "கயித்துக்கு ரிப்போர்ட் கார்டு" என்று அந்தப் புத்தகத்துக்குப் பெயர் வைத்ததும் நான்தான். முருகேசன் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

3. பாசிர் ரிஸில் ஒரு நல்ல காரியம்

போன வருடம் என் பழைய கயிறு ஒன்றைக் கழிக்க வேண்டி வந்தது. நாற்பத்தைந்து மீட்டர், மூன்று வருடம் உழைத்தது. வாங்கும்போது வெள்ளை, மரப்பாலும் அழுக்கும் ஏறிக் காப்பித்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு நுனியிலிருந்து பத்து மீட்டர் தள்ளி, கைரம்பம் பட்டு மேலுறையில் விரல்நக அளவுக்கு ஒரு வெட்டு. சின்ன வெட்டுதான். மேலுறை வெட்டுப்பட்ட கயிற்றில் மனிதன் ஏறக்கூடாது, பெரிது சின்னது என்ற பேச்சே கிடையாது.

கழித்த கயிற்றை என்ன செய்ய வேண்டும் என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு நுனியிலும் சிவப்பு டேப் சுற்ற வேண்டும், லாக் புக்கில் அதன் நம்பரை அடித்துவிட வேண்டும், பிறகு கை நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டிப் போட வேண்டும். தப்பித் தவறியும் யாரும் எடுத்து ஏறிவிடக் கூடாது என்பதற்காக. மற்றவர்கள் வெட்டாமல் மூலையில் போட்டுவைத்த கயிறுகளைப் பார்த்து நான் கத்தியிருக்கிறேன். "இது என்ன, மியூசியத்துக்கா சேத்து வைக்கிற?" என்று கேட்டிருக்கிறேன்.

சிவப்பு டேப் சுற்றினேன். நம்பர் டேக்கைப் பிய்த்துப் போட்டேன். கத்தியை எடுத்தேன். அப்போது பிலோமினா அக்காவின் போன் வந்தது.

எங்கள் தேவாலயத்தின் தமிழ்க் குழுவில் எந்தக் காரியமும் பிலோமினா அக்கா இல்லாமல் நடக்காது. தேக்கா பக்கத்தில் மாடியில் தையல் கடை வைத்திருக்கிறார். குழுவில் பாதிப் பெண்களின் ரவிக்கை அவர் கை பட்டது. அந்த மாதம் பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்காவில் குடும்ப தினம்.

"தம்பி, கயிறு இழுக்குற போட்டி வச்சிருக்கோம். போன தடவ வாடகைக்கு எடுத்த கயிறு நடுவுல பிஞ்சி, அந்தோணிசாமி அண்ணன் இடுப்ப ஒடச்சிக்கிட்டாரு. உங்ககிட்ட தான் கயிறு கடலா கெடக்குமே!"

என் கையில் கத்தி, காலடியில் நாற்பத்தைந்து மீட்டர் கயிறு. மரம் ஏறத்தான் ஆகாது, மண்ணில் நின்று இழுக்க என்ன கேடு என்று நினைத்தேன். வெட்டினால் போட்டிக்கு ஆகாது, நீளம் வேண்டும். கத்தியை மடித்து வைத்துவிட்டேன். லாக் புக்கில் அடிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கயிற்றைக் கம்பெனிப் பெயர் போட்ட பையிலேயே போட்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது கொடுத்தேன்.

"வச்சிக்குங்க அக்கா, திருப்பித் தர வேணாம்" என்றும் சொன்னேன். பெரிய மனது பாருங்கள்.

போட்டி நன்றாக நடந்தது. பக்கத்துக்கு இருபது பேர், ஷூவைக் கழற்றிவிட்டு, பிள்ளைகள் சுற்றி நின்று கத்த, கயிறு மணலில் புரள இழுத்தார்கள். நானும் இழுத்தேன். எங்கள் பக்கம் ஜெயித்தது. வெட்டுப்பட்ட மேலுறையை நாற்பது பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் அந்த வெட்டு என்ன ஆகும் என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கோழிப் பிரியாணி எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

4. கைக்கு நல்லா இருந்தா எடு

இரண்டு வாரம் கழித்து, தெம்பனிஸில் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் வேலை. பள்ளி விடுமுறை. மூன்று பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், குடைபோல விரிந்தவை. நுனிக் கிளைகளில் காய்ந்ததை வெட்டி இறக்க வேண்டும். அப்படிப்பட்ட மரத்தில் அடிமரத்தோடு நிற்க முடியாது, கிடையாகப் போகும் கிளைமேல் கயிற்றின் துணையில் வெளியே நடந்து போக வேண்டும்.

அன்று காலை நான் பள்ளியின் அதிகாரி ஒருவரோடு தகராறு செய்துகொண்டிருந்தேன். மரத்துக்குக் கீழே இருந்த அவருடைய காரை நகர்த்த மாட்டேன் என்றார். நான் பேசிக்கொண்டிருந்தபோது முருகேசன் பின்னால் வந்து நின்றான்.

"அண்ணே, புது ரோப் வெரப்பா நிக்குது. நான் இந்தப் பழைய ரோப்ப எடுத்துக்கட்டுமா? நல்லா சாஃப்ட்டா இருக்கு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"கைல சுத்திப் பாத்தியா?"

"பாத்தேண்ணே. வெண்ணெ மாரி இருக்கு."

"கைக்கு நல்லா இருந்தா எடு. என்னைய ஏன் கேக்குற?"

இந்தப் பதிலை நான் எத்தனையோ இடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னதை மட்டும் என்னால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முருகேசன் ஏறினான். வெள்ளைக் கயிறு வெயிலில் மின்னியது. பழையது என்றானே, இவ்வளவு வெள்ளையாக இருக்கிறதே என்று கீழேயிருந்து பார்த்து ஒரு கணம் நினைத்தேன். அதோடு விட்டேன். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. பதினான்கு மீட்டர் உயரத்தில் கயிற்றைச் சரிசெய்துகொண்டு, கிடைக்கிளைமேல் மெல்ல வெளியே நடந்தான். நுனிக்குப் போனதும் இரண்டு கையையும் ரம்பத்துக்கு விட்டுக்கொடுத்து, முழு எடையையும் ஹிட்ச்மேல் போட்டு உட்கார்ந்தான்.

துணி கிழிகிற சத்தம் கேட்டது. அவ்வளவு உயரத்திலிருந்து கீழே எனக்குக் கேட்டது.

ஹிட்ச் பிடித்திருந்த இடத்தில் மேலுறை சுற்றிலும் அறுந்து, ஹிட்ச்சையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உள்கயிற்றின்மேல் சறுக்கியது. முழுக்கைச் சட்டையின் கையைப் பிடித்து இழுத்தால் துணி மணிக்கட்டில் போய்ச் சுருண்டு குவியுமே, அதுபோல. முருகேசன் ஓராள் உயரம் விழுந்தான், அடிமரத்தை நோக்கி ஆடிப்போய் வலது தோளால் மோதினான். மேலுறை ஒரு இடத்தில் பந்துபோலக் குவிந்து நின்றது. அவனும் நின்றான். அவனுக்கு மேலே வெறும் உள்கயிறு, வெள்ளை நூல்கற்றைகளாக, மேலுறை இல்லாமல் தெரிந்தது.

அவன் கத்தவில்லை. "அண்ணே, ரோப் போவுது" என்று மெதுவாகச் சொன்னான்.

"லேன்யார்டு போடு! மொதல்ல லேன்யார்டு போடு!"

லேன்யார்டு என்பது இடுப்பில் தொங்கும் குட்டைக் கயிறு. மரத்தைச் சுற்றிப் போட்டு மாட்டிக்கொண்டால் பெரிய கயிறு போனாலும் ஆள் தங்குவான். வலது கை மரத்துப்போய் அவனால் தூக்க முடியவில்லை. இடது கையால் அடிமரத்தைச் சுற்றி வீசினான், எட்டவில்லை. மறுபடி வீசினான், எட்டவில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் அந்த மேலுறைப் பந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. நான் கீழே நின்று ஏசுவே ஏசுவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன், வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்றாவது தடவை வீசிய லேன்யார்டு சுற்றி வந்து அவன் நெஞ்சில் பட்டது. பல்லால் பிடித்து இழுத்து மாட்டினான்.

ஒருவன் மேலே இருக்கும்போது அவனைக் காப்பாற்றப் போக இன்னொரு கயிறு மரத்தில் தயாராகத் தொங்க வேண்டும். அது விதி. அந்தக் கயிறு லாரியில் இருந்தது, புதிது, பாக்கெட்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. விதியைப் பின்பற்றாதவன் யார் என்று கேட்காதீர்கள்.

மெல்லிய த்ரோ லைன் நுனியில் ஒரு சின்ன எடைப்பை இருக்கும், அதைக் கிளைமேல் வீசி அதன்வழி கயிற்றை ஏற்றுவோம். இருபது வருடமாக வீசுகிறேன், கண்ணை மூடிக்கொண்டு வீசுவேன் என்று பந்தயம் கட்டியிருக்கிறேன். முதல் வீச்சு கிளையைத் தொடவே இல்லை. இரண்டாவது முருகேசனின் ஹெல்மெட்டில் விழுந்தது. மூன்றாவது வீச்சு அவன் தலைக்கு மேலிருந்த கவட்டையில் போய் விழுந்தது. புதுக் கயிற்றைக் கட்டி மேலே இழுத்தோம். அவன் ஒற்றைக் கையால் கட்டிக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தான். அந்தக் கயிறு விறைப்பாகத்தான் இருந்தது.

தரையில் கால் வைத்ததும் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அது உங்க ரோப்புண்ணே. உங்களோடதுன்னுதான் எடுத்தேன்" என்றான்.

5. தையல்

அறுந்த இடத்தைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மேலுறையின் ஓரத்தில் வெள்ளை நூலில் ஒரு தையல். ஊசி போன தடமே தெரியாத அளவுக்கு நெருக்கமான, அருமையான தையல். தடவிப் பார்த்தாலும் விரலுக்குத் தட்டுப்படாது.

பிலோமினா அக்காவுக்குப் போன் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட வேண்டும் என்ற வேகத்தில்தான் போட்டேன்.

"கயிறு வந்து சேந்துச்சா தம்பி? நீங்க வேணாம்னுதான் சொன்னீங்க. அதுக்காக அடுத்தவங்க பொருள நாம வச்சிக்கலாமா? பைல கம்பெனி பேரு இருந்துச்சி, எங்க வீட்டுக்காரரு டெலிவரிக்கு ஈசூன் பக்கம் வர்றப்ப குடுத்துட்டு வரச் சொன்னேன். அங்க முருகேசன்னு ஒரு தம்பிதான் இருந்தாராம், சவரி அண்ணன் கயிறுன்னு சொல்லி அவருகிட்ட குடுத்தாராம். மண்ணும் அழுக்குமா இருந்துச்சி, குளோராக்ஸ் பிளீச்சுல ஊற வச்சி ரெண்டு தடவ அலசினேன். அந்த செவப்பு டேப்பு பெசுபெசுன்னு இருந்துச்சி, அதையும் உரிச்சி எடுத்துட்டேன். நடுவுல கிழிஞ்சி பெருசா வாய் தொறந்து கெடந்துச்சி. கிழிச்சதக் கிழிச்சபடியா குடுக்குறது? தச்சி வச்சேன். தையல் தெரியுதா?"

ஒரு மனிதர் செய்யக்கூடிய நேர்மையான காரியங்களையெல்லாம் வரிசையாகச் செய்திருக்கிறார். நான் செய்ய வேண்டிய மூன்றே மூன்று காரியங்களில் இரண்டை நான் செய்யவில்லை.

"தெரியலக்கா" என்றேன். அது மட்டும்தான் உண்மை. நடந்ததை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவர் தாங்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எனக்குத்தான் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் பிரகாஷ் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் லாக் புக் திறந்து கிடந்தது. முருகேசனின் தோளில் சதைதான் கிழிந்திருக்கிறது, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அண்ணே, இந்த ரோப்ப கழிச்சதா புக்ல அடிச்சீங்களா?"

"இல்ல பாஸ்."

"கட் பண்ணிங்களா?"

"இல்ல."

"டேக் இல்லாத ரோப்ப ஏத்தக்கூடாதுன்னு ரூல் இருக்கு. முருகேசனுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் ஸ்டோரையே கூட்டி வைத்து, கிழிகிழியென்று கிழித்து, ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன். பிரகாஷ் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க இந்த புக்கப் பாத்து சிரிச்சீங்கண்ணே. முருகேசன் உங்களப் பாத்து சிரிச்சான். அவ்வளவுதான் நடந்திருக்கு."

மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. என் பெயரைப் போட்டுத்தான் போயிற்று, நானே போடச் சொன்னேன். கம்பெனி என்னை அனுப்பவில்லை, எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. கயிறு வாங்கும் பொறுப்பை மறுபடி பிரகாஷ் எடுத்துக்கொண்டார். அவர் இப்போது வாங்குவதற்கு முன் முருகேசனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறார். ஒருவர் தாளைப் பார்க்கிறார், மற்றவர் கயிற்றைப் பார்க்கிறார். இந்த எளிய ஏற்பாட்டை இத்தனை வருடத்தில் யாரும் செய்யவில்லை, காரணம் மூன்றாவது புத்திசாலியான நான்தான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். கயிற்றைத் தேர்ந்தெடுப்பது கடையோடு முடிவதில்லை, ஒவ்வொரு நாள் காலையிலும் அதைப் புதிதாகச் செய்ய வேண்டும். கை ஒன்றைச் சொல்லும், டேக் ஒன்றைச் சொல்லும், புத்தகம் ஒன்றைச் சொல்லும். மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் ஏறுங்கள். கழித்த கயிற்றைக் கேட்டு யார் வந்தாலும், சாமியாரே வந்தாலும், வெட்டிய துண்டாகக் கொடுங்கள். எங்கள் குழுவுக்குப் போட்டிக்கென்று ஒரு தடித்த பருத்திக் கயிறு வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதில் எவனும் மரம் ஏற முடியாது. இன்னாருடைய கயிறு என்பதற்காக மட்டும் எந்தக் கயிற்றிலும் ஏறாதீர்கள், அவர் இருபது வருடம் ஏறியவராக இருந்தாலும், வாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும்.

ஆறு வாரம் கழித்து முருகேசன் வேலைக்குத் திரும்பினான். அன்றைக்கும் தெம்பனிஸில் அதே பள்ளிக்கூடம், பாக்கி இருந்த இரண்டு மரம். கயிற்றுப் பையை நானே லாரியிலிருந்து தூக்கி வந்து அவனிடம் நீட்டினேன். டேக் இருந்தது, புத்தகத்தில் நம்பர் இருந்தது, முதல்நாள் மாலை முழுக் கயிற்றையும் நான் உட்கார்ந்து சரிபார்த்திருந்தேன்.

"எல்லாம் பாத்துட்டேன்டா. நீ ஏறலாம்" என்றேன்.

முன்பு என்றால் அந்த ஒரு வார்த்தை போதும், ஹார்னஸை மாட்டிக்கொண்டே மரத்தை நோக்கி நடந்துவிடுவான். அன்று பையை வாங்கித் தரையில் கொட்டினான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு நுனியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு முழமாக வளைத்து, திருப்பி, நகத்தால் கீறி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே போனான். நாற்பத்தைந்து மீட்டர். அவன் முகத்தில் கோபமோ குத்தலோ இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நான் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

பாதிக் கயிற்றில் தலையைத் தூக்கினான்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் விழுது, சரியா தெரிய மாட்டேங்குது."

தள்ளி நின்றேன்.